அந்த வழியாகப் போன எட்டியப்பன்

வக்கீல் தீர்த்தகிரி இனிமேல் கோர்ட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்து, கறுப்புக் கோட்டைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, வாயில் வேப்பங்குச்சியோடு வாசலுக்கு வந்த அந்தக் காலையில், நாற்பது வருஷமாக அவருடைய கேஸ்களில் சாட்சி சொல்லிவந்த எட்டியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். நான் வக்கீலய்யாவுக்குக் கொண்டுபோன இட்லித் தூக்கோடு அவன் பின்னாலேயே நின்றேன். தூக்கில் ஒரு ஆளுக்கான இட்லிதான் இருந்தது. வந்தவன் சாப்பிடாமல் வந்திருந்தால் என்ன செய்வது என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது.

எட்டியப்பன் என்று ஒரு ஆள் பிறக்கவே இல்லை. எங்கள் இளங்காப்பட்டில் இது எல்லோருக்கும் தெரியும், கோர்ட்டில் தீர்ப்பு சொல்ல வரும் முன்சீப்புகளைத் தவிர. அவர்கள் ஊர் பழகுவதற்குள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் ஒரு வரப்பை வெட்டினாலும், ஒரு கிணற்று ராட்டினத்தைக் கழற்றினாலும், நாலு பேர் பார்த்திருப்பார்கள், நாலு பேரும் நான் பார்க்கவில்லை என்பார்கள். சாட்சி இல்லாமல் கேஸ் நிற்காது. அதனால் வக்கீலய்யா வாலிபத்தில், தன்னுடைய முதல் கேஸிலேயே, ஒரு ஆளை உண்டாக்கினார். பக்கத்து ஊர்க்காரன், சைக்கிளில் கத்தரிக்காய் மூட்டை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவன், இரண்டு கட்சிக்கும் உறவும் இல்லை பகையும் இல்லை, சம்பவம் நடந்தபோது தற்செயலாக அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவன், பேர் எட்டியப்பன். பேர் நிரந்தரம், உடம்பு வாடகை. அன்றைக்குக் கோர்ட் வாசலில் யார் சும்மா நிற்கிறார்களோ, வேலை கிடைக்காத கொத்தனாரோ, வண்டி இழுக்கிறவரோ, தன் சொந்த வாய்தாவுக்கு வந்து காத்திருந்தவரோ, அவரைக் கூப்பிட்டு, பரோட்டா வாங்கிக் கொடுத்து, எட்டியப்பனாகக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். என் வீட்டுக்காரரும் ஒருநாள் எட்டியப்பனாக நின்றவர்தான்.

அதனால் வந்து நின்ற ஆளின் உடம்பு ஒரு ஆளின் உடம்பாக இல்லை. வலது காது வண்டிக்கார ஜடையனுடையது, நுனி கிழிந்தது. இடது கால் கொத்தனார் ஆதிமூலத்தினுடையது, சற்றே குட்டை. முன்பல்லில் ஒன்று தங்கம், அது ஒருகாலத்தில் ஊரில் வாழ்ந்து கெட்ட யாரோ ஒருவருடையது. ஆனாலும் எல்லாம் சேர்ந்து பார்க்க ஒரு முகமாகத்தான் இருந்தது, நாலு வீட்டில் வாங்கிய குழம்பு ஒரே சோற்றில் சேருவதுபோல.

"யாருப்பா?" என்றார் வக்கீலய்யா.

"எட்டியப்பங்க."

"எந்த எட்டியப்பன்?"

"அந்த வழியா போய்க்கினு இருந்த எட்டியப்பங்க."

வக்கீலய்யா குச்சியைத் துப்பிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "சரி, இப்ப எதுக்கு வந்தே? கேஸ்தான் ஒண்ணும் இல்லையே."

"அதாங்க. கேஸ் எல்லாம் முடிஞ்சி போச்சின்னாங்க. எங்க போறதுன்னு தெரியல. நீங்க எனக்கு ஊர் பேரு குடுத்தீங்க, வீடு குடுக்கல. அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தேன். அங்க என்னை யாருக்கும் தெரியலைங்க."

வக்கீலய்யா கேட்டைத் திறந்துவிட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "பச்சையம்மா, இன்னும் நாலு இட்லி ஊத்த முடியுமா?" என்றார். அவ்வளவுதான். எட்டியப்பன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

நான் பக்கத்து வீடுதான். வக்கீலய்யாவின் சம்சாரம் போனதிலிருந்து அவருக்குச் சமையல் என் கையால். மறுபடி இட்லி ஊற்றிக்கொண்டு போனபோது எட்டியப்பன் சாப்பிட்டுக்கொண்டே இருமினான். மூன்று சின்ன இருமல், ஒரு பெரிய இருமல், அதன் பின்னால் தொண்டையைச் செருமுகிற ஒரு சத்தம். ரைஸ்மில்லில் தவிட்டுத் தூசியை மூச்சாக இழுத்து மூட்டை தூக்கிச் செத்துப்போன என் வீட்டுக்காரரின் இருமல் அது. நான் சட்னிக் கிண்ணத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கிரைண்டரைப் போட்டு, அதில் ஒன்றும் போடாமல் வெறுமனே ஓடவிட்டுக்கொண்டு நின்றேன்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஜடையனின் மகள் வந்து அப்பாவின் காதைப் பார்த்துவிட்டு, அதற்கு மட்டும் எண்ணெய் தடவிவிட்டுப் போனாள். எட்டியப்பன் சாட்சியால் கேஸ் ஜெயித்தவர்கள் கோழிக் குழம்பும் வேட்டியும் கொண்டுவந்தார்கள். தோற்றவர்களும் வந்தார்கள். வாய்க்கால் பக்கத்து நிலத்தை இழந்த ஒரு அம்மாள் நேரே வந்து அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். அப்புறம் உற்றுப் பார்த்து, "ஐயையோ, இது எங்க கொழுந்தனார் கன்னமாச்சே" என்று சொல்லி அழுது, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோருக்கும் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். "சொல்லச் சொன்னாங்க, சொன்னேங்க." ஊர் அவனை ஏற்றுக்கொண்டது. ரேஷன் அட்டையில் சேர்க்க முடியாது என்று சொன்ன அதிகாரிகூட, தன் மாமனார் வீட்டுக் கிணற்று வழக்கு ஞாபகம் வந்ததும், முடியாது என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

அவனிடம் ஒரே ஒரு தொந்தரவு. அவனால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. அந்த வழியாகப் போவதற்காகவே உண்டானவன் என்பதால் எந்த வழியில் எது நடந்தாலும் அவன் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தான். மாடு கன்று போட்டால் போய்க்கொண்டிருந்தான். கல்யாணப் பெண் பின்கட்டு வழியாக ஓடினால் போய்க்கொண்டிருந்தான். தண்ணீர் லாரியில் ஒருத்தி குடத்தை முந்தி வைத்தால், சைக்கிள் மணி கேட்கும். சண்டைகள் குறைந்துபோயின. புருஷன்மார் கை ஓங்கும் முன் தெருவை எட்டிப் பார்த்தார்கள். ஸ்டேஷனுக்குக் கேஸ் வராததால் எங்கள் ஊர் ஏட்டு மட்டும் எரிச்சல்பட்டார்.

வக்கீலய்யாவோ ஓய்வு பெற்றதிலிருந்து உண்மையைப் பற்றிப் பேசாத நாளில்லை. சாயங்காலமானால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார், கேட்க நாலு பேர் வந்துவிடுவார்கள்.

"நான் ஒரு பொய் சொன்னதில்லப்பா. கோர்ட்ல நான் சொன்னதெல்லாம் கேள்வி. கேள்வியில பொய் எங்கேர்ந்து வரும்?" என்பார். "தையக்காரன் வெள்ளிக்கிழமை தர்றேங்கறான். டாக்டரு ஒண்ணும் பயமில்லேங்கறாரு. வாத்தியாரு, உங்க பையன் கெட்டிக்காரன், விளையாட்டுப் புத்தி அவ்வளவுதான்கறாரு. எல்லாரும் உட்கார்ந்துக்கிட்டுச் சொல்றாங்க. நாங்க மட்டும் நின்னுக்கிட்டு, அதுவும் கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டுச் சொல்றதால எங்களுக்குக் கெட்ட பேரு."

"அப்ப உண்மையே சொல்லி ஜெயிச்சது இல்லையா அய்யா?" என்று யாராவது கேட்பார்கள்.

"ஒருதரம் முயற்சி பண்ணேன். முன்சீப்பு சிரிச்சிட்டாரு. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, இவ்வளவு மோசமான கட்டுக்கதையை நான் கேட்டதே இல்லேன்னாரு. உண்மை இருக்குதே, அது தலை சீவாமக் கோர்ட்டுக்கு வர்ற கட்சிக்காரன் மாதிரி. பார்த்தாலே தோத்துடுவான்னு தெரியும்."

எல்லோரும் சிரிப்பார்கள். எட்டியப்பன் மட்டும் கேட்டருகே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல் நிற்பான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. எனக்கு என்னதான் பிடித்தது? தெருவில் என்னைப் பற்றி வேறு வாய்க்கு வாய் பேச ஆரம்பித்திருந்தார்கள். கிணற்றுக் கேஸ் ஜெயித்த கோமளா குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"என்ன பச்சை, உன் வீட்டுக்காரரு இருமலு திரும்பி வந்துடுச்சாமே. ஆளு எப்ப வர்றாரு?"

"உங்க கெணத்துக்குச் சாட்சி சொன்ன வாயும் வந்திருக்குது அக்கா. அதை எப்ப பாக்க வர்றீங்க?" என்றேன். சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல், ஏன் சொன்னோம் என்று புரண்டேன். என் சுபாவம் அது. பால் பொங்கும் முன்பே பொங்கிவிட்டதாக நினைத்து அடுப்பை அணைத்துவிடுவேன்.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. எங்கள் தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றது. நான் விரலில் மையோடு வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்தால், கொல்லைச் சுவர் இல்லை. என் மாமனார் மண் குழைத்துக் கட்டி, நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்த சுவர். அது இருந்த இடம் வழித்து விட்டதுபோலச் சமமாக இருந்தது. அதற்கப்பால் ரைஸ்மில். அந்தச் சமமான இடத்திலும், அதைத் தாண்டி என் துளசிச் செடி இருந்த இடத்திலும், குளியலறை வாசல் வரையிலும், தவிட்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. மில் முதலாளி பூபாலன் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"முதலாளி, என் சுவரு?" என்றேன்.

"எந்தச் சுவரு?"

"இங்க இருந்த சுவரு."

"இங்க ஏதும்மா சுவரு? எங்கப்பா காலத்துலேர்ந்து இது திறந்த மனைதான். நீ வேணும்னா தெருவுல கேட்டுப் பாரு."

தெருவில் கேட்டேன். நாங்க ஓட்டுப் போடப் போயிருந்தோம் என்றார்கள். சரி, நேற்று வரை சுவர் இருந்ததா இல்லையா என்று கேட்டேன். கவனிக்கலையே பச்சை என்றார்கள். கோமளா, எனக்குச் சீரியல் பார்க்கணும் என்று கதவைச் சாத்தினாள். அன்றைக்குக் குளிக்கப் புடவையை நாலு பக்கமும் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு குளித்தேன். மூட்டைக்கு மேலே உட்கார்ந்து மில் ஆட்கள் பீடி பிடித்தார்கள். எனக்கு இருக்கிறது அந்த இரண்டு அறையும் அந்தக் கொல்லையும்தான். இன்றைக்குக் குளியலறை வாசல் வரை வந்தவர் நாளைக்கு அடுப்படிக்கு வரமாட்டார் என்று என்ன இருக்கிறது?

சாயங்காலம் எட்டியப்பன் வந்து, வக்கீலய்யா முன்னாலும் என் முன்னாலும் நின்றான்.

"நான் அந்த வழியா போய்க்கினு இருந்தேங்க" என்றான். "மஞ்ச மிஷினு வந்தது. முதலாளி குடை புடிச்சிக்கினு, இங்கேர்ந்து அதுவரைக்கும்னு கை காட்டினாரு. சுவரு ஒரே தள்ளுல போயிடுச்சிங்க."

வக்கீலய்யா எழுந்தார். ஆணியில் இருந்த கோட்டை எடுத்து உதறினார். எனக்கு நம்பிக்கை வந்தது, அவர் முகத்தைப் பார்க்கும் வரை. அவர் முகத்தில் பயம் இருந்தது. "பச்சையம்மா, உண்மையான கேஸை உண்மையான சாட்சியை வெச்சி நான் நடத்தினதே இல்லை. எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல" என்றார்.

தெரியாததால் தெரிந்த மாதிரியே ஆரம்பித்தார். எட்டியப்பனை எதிரில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "மணி என்னன்னு கேட்டா, மசூதியில பாங்கு சொன்ன நேரம்னு சொல்லு. சைக்கிள்ல கத்தரிக்கா மூட்டை."

"மூட்டை இல்லைங்களே."

"மூட்டை இல்லாம நீ ஏன் அந்த வழியா போனே?"

"சும்மாதாங்க போனேன்."

"சும்மா போனவனை எந்தக் கோர்ட்டும் நம்பாது. கால் மூட்டையாவது வெச்சிக்க."

"கத்தரிக்கா இல்லைங்க."

"வெண்டைக்கா?"

"எதுவும் இல்லைங்க. பாங்கும் கேக்கலைங்க. நீங்க சொல்லச் சொன்னா சொல்றேன். ஆனா நான் பார்த்தது இது ஒண்ணுதாங்க. மத்ததெல்லாம் நீங்க பார்த்தது."

வக்கீலய்யா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வயசாயிடுச்சி பச்சையம்மா, உண்மைக்குத் தலை சீவற சீப்பு இன்னும் கையிலயே இருக்குது" என்று சொன்னார். அப்புறம் அவனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விசாரணை நாளில் கோர்ட் நிரம்பி வழிந்தது. புதிதாக வந்த முன்சீப் அம்மா சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், எழுதுகிறபோது நாக்கைக் கடித்துக்கொள்வார். பூபாலனுக்கு வக்கீல் தணிகாசலம். வக்கீலய்யாவிடமே ஜூனியராக இருந்து, கோர்ட் வாசலில் சும்மா நின்றவர்களை எட்டியப்பனாகக் கூட்டிவந்தவர் அவர்தான். எழுந்தவுடன் கோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அம்மா, வாதியின் ஒரே சாட்சி எட்டியப்பன். அப்படி ஒருவர் உலகத்தில் கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் உண்டாக்கிய கற்பனை. இந்தக் கோர்ட்டில் நாற்பது வருஷமாக எத்தனையோ வழக்குகளில் இதே பேரில் பொய்ச்சாட்சி..."

முன்சீப் அம்மா பேனாவை நிறுத்தினார். "எந்தெந்த வழக்குகளில்?"

கூட்டத்தில் இருந்தவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். பாதி ஊரின் வரப்பும் கிணறும் நடைபாதையும் எட்டியப்பனின் வாயில் இருந்தது. பூபாலன் முதலில் சிரித்துக்கொண்டுதான் நின்றார். மெதுவாக அவருக்கு என்னவோ உறைத்தது. கையை நீட்டித் தன் வக்கீலின் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தார். "உட்காருங்க சார், உட்காருங்க" என்றார். அவருடைய அப்பா அந்த ரைஸ்மில் மனையைக் கோர்ட்டில் ஜெயித்தது எட்டியப்பன் சாட்சியால்தான். அந்தக் கேஸில் எட்டியப்பனாக நின்றது என் வீட்டுக்காரர். ஜெயித்த சந்தோஷத்தில்தான் அவருக்கு அந்த மில்லிலேயே மூட்டை தூக்கும் வேலை கொடுத்தார்கள்.

"இந்த ஆளை மதியம் கூப்பிடுங்கள். இருக்கிறாரா இல்லையா என்று நானே கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு முன்சீப் அம்மா எழுந்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் பூபாலன் என்னைத் தேடி வந்தார். குடையை மடக்கியிருந்தார்.

"பச்சையம்மா, நமக்குள்ள எதுக்கு? இன்னிக்கே கொத்தனாரை வுடறேன். செங்கல்லுலயே கட்டித் தர்றேன், மண்ணு வேணாம். கேஸை வாபஸ் வாங்கிக்க. அந்த ஆளு கூண்டுல ஏற வேணாம், அவ்வளவுதான்."

அவர் பின்னால் ஊரே நின்றது. கோமளா என் கையைப் பிடித்துக்கொண்டாள், முதல்முறையாக. "நல்லா யோசி பச்சை. செங்கல்லு சுவரு. உன் ஒரு சுவத்துக்காக ஊரையே அவுத்து வுடப்போறியா? அந்தம்மா பழசெல்லாம் கேக்க ஆரம்பிச்சா யாரு வீட்டுல எது நிக்கும்?"

எனக்கு வேண்டியது சுவர்தானே? சுவர் கிடைக்கிறது. அதுவும் செங்கல்லில். நாளைக்குக் குழாயடியில் நிற்க வேண்டும், ரேஷனில் நிற்க வேண்டும், காய்ச்சல் வந்தால் யார் வீட்டுக் கதவையாவது தட்ட வேண்டும். நான் வக்கீலய்யாவைப் பார்த்தேன்.

"நாற்பது வருஷமா கட்சிக்காரங்களுக்கு நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, சமாதானமாப் போயிடுங்க" என்றார் அவர். "இன்னிக்கு அதை என்கிட்ட கேக்காதே பச்சையம்மா. என் தலையும் இதுல மாட்டியிருக்குது. நான் என்ன சொன்னாலும் அது எனக்காகச் சொன்னதா ஆயிடும்."

எட்டியப்பன் வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிட்டே போய்க் கேட்டேன். "உனக்கு என்னப்பா வேணும்?"

"எனக்கு என்னாங்க வேணும்?" என்றான். இருமினான். "ஊர்ல யாரு எதைச் சொல்லச் சொன்னாலும் சொன்னேன். நானா பார்த்தது உங்க சுவரு ஒண்ணுதான். அதையும் சொல்லாமப் போயிட்டா, அப்புறம் நான் வந்ததுக்கு என்னாங்க அர்த்தம்?"

அந்த இருமல்காரர், என் வீட்டுக்காரர், உயிரோடு இருந்தவரை எதையும் தானாகச் சொன்னதில்லை. முதலாளி என்ன சொன்னாரோ அதைக் கூண்டில் சொன்னார், அப்புறம் அவர்கள் மில் தூசியைத் தின்றார், அப்புறம் செத்தார். நான் திரும்பி வந்தேன்.

"இல்லாத சுவத்தை எப்படி முதலாளி கட்டித் தருவீங்க?" என்றேன். "இருந்துச்சுன்னு கோர்ட்ல சொல்லிட்டு வந்து கட்டுங்க."

"ஏய், பெரிய நியாயக்காரி. நாளைக்கு உன் வீட்டுல ஒரு எழவு வுழுந்தா எவ வர்றான்னு பாக்கறேன்" என்றாள் கோமளா, என் கையை உதறிவிட்டு.

"வராதீங்க அக்கா. விழுந்தா தனியாவே எழுந்துக்கறேன்."

மதியம் டவாலி வராந்தாவில் நின்று பேர் கூப்பிட்டபோது எட்டியப்பனைக் காணவில்லை. ஊர்க்காரர்கள் அவனைப் பிரியமாகக் கையைப் பிடித்து டீக்கடைக்குள் தள்ளி, பெஞ்சில் உட்காரவைத்து, சுற்றி நெருக்கமாக நின்றுகொண்டு, பஜ்ஜி மேல் பஜ்ஜியாகத் தின்னச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால் சாட்சி இல்லை என்று எழுதிவிடுவார்கள். அவ்வளவுதான், என் சுவர் எப்போதும் இருந்ததில்லை என்று ஆகிவிடும்.

"எட்டியப்பன்!" என்றார் டவாலி.

நான் ஓடினேன். டீக்கடை வாசலில் ஊரின் முதுகுகள் சுவர்போல நின்றன. என் சுவர் போனபோது ஒரு முதுகும் அப்படி நிற்கவில்லை.

"எட்டியப்பன்!"

முதுகுகளை அடித்தேன், தள்ளினேன், ஒன்றும் நகரவில்லை. அப்போது கோர்ட் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்த கொத்தனார் ஆதிமூலம், கண் சரியாகத் தெரியாத கிழவர், பழக்கதோஷத்தில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்து, "வந்துட்டேங்க" என்றார். அவர் சத்தம் கேட்டு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த இன்னொருவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வந்துட்டேங்க" என்றார். நூல் கடைக்காரர் வீட்டுக் காவல்காரர் எழுந்தார். ஒருகாலத்தில் பரோட்டா தின்றவர்கள் எல்லாம், ஏன் எழுகிறோம் என்று தெரியாமலே எழுந்து நின்றார்கள். டவாலி மூன்றாவது முறை கூப்பிட வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றுவிட்டார். சத்தம் கேட்டு முன்சீப் அம்மாவே வாசலுக்கு வந்துவிட்டார்.

"இதில் யார் எட்டியப்பன்?"

"நான்தாங்க" என்றார்கள் அத்தனை பேரும்.

எதை ஒளித்துவைக்க ஊர் டீக்கடையில் நெருக்கிக்கொண்டு நின்றதோ, அது கோர்ட் வராந்தாவில் வரிசையாக நின்றது. அதைப் பார்க்க முதுகுகள் திரும்பின. திரும்பிய சந்தில் நான் கையை விட்டு எட்டியப்பனைப் பிடித்து இழுத்தேன். அவன் வாயில் பஜ்ஜியோடு வந்தான்.

"இவங்கல்லாம் பேருங்க அம்மா. ஆளு இதோ இருக்குது. மூணாவது தரம் இன்னும் கூப்பிடலை, எழுதிடாதீங்க" என்றேன். முன்சீப்பிடம் அப்படிக் கத்திப் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். பேசிவிட்டேன்.

அவன் கூண்டில் ஏறினான். அப்பா பேர் கேட்டார்கள், இல்லை என்றான். வீடு கேட்டார்கள், இல்லை என்றான். முன்பு சொன்ன சாட்சியெல்லாம் நிஜமா என்று கேட்டார்கள். "அதெல்லாம் சொல்லச் சொன்னதுங்க" என்றான். கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது. "இது பார்த்ததுங்க. நான் அந்த வழியா போய்க்கினு இருந்தேன். மூட்டை கிடையாது. மணி தெரியாது. மஞ்ச மிஷினு, குடை, இவரு கை. சுவரு இருந்ததுங்க."

"குறுக்கு விசாரணை?" என்றார் முன்சீப் அம்மா.

தணிகாசலம் பாதி எழுந்தார். பூபாலன் கோட்டை இழுத்தார். தணிகாசலம் உட்கார்ந்தார்.

வக்கீலய்யா யாரும் கேட்காமலே எழுந்தார். கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். "அம்மா, சாட்சி சொன்னது அத்தனையும் சரி. இவனை நான்தான் உண்டாக்கினேன். இந்தக் கோர்ட்டில் நான் கேள்வியாக இல்லாமல் சொல்லும் முதல் வாக்கியம் இது. பழக்கமில்லாததால் நாக்கு குழறினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றார். நாக்கு குழறவில்லை. முன்சீப் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. மூட்டைகளை எடுத்து, சுவர் இருந்த இடத்திலேயே மறுபடி கட்டித் தரவேண்டும் என்று. வக்கீலய்யாவின் மேல் விசாரணை வந்தது. கோட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆணி காலியாக இருக்கிறது, அதில் இப்போது குடை மாட்டுகிறார். காலையானால் அவர் வீட்டு வாசலில் தோற்றவர்கள் வந்து உட்காருகிறார்கள், அவரவர் வரப்பையும் கிணற்றையும் சொல்லிக்கொண்டு. அவர் ஒவ்வொருவருக்கும், "ஆமாம், அது பொய்தான், எழுதித் தர்றேன்" என்கிறார். "ப்ராக்டீஸ் இருந்த காலத்துல இவ்வளவு கூட்டம் வந்ததில்லை பச்சையம்மா. உண்மைக்கு இவ்வளவு கிராக்கின்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே கடை போட்டிருப்பேன்" என்கிறார். மில் மனையை இழந்த குடும்பமும் வெளியூரிலிருந்து வந்து போனது. அவர்களோடு எட்டியப்பனும் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பினான். இப்போது அவனை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. சைக்கிள் காற்றை யாராவது இறக்கிவிடுகிறார்கள், அவன் தள்ளிக்கொண்டே போகிறான்.

குழாயடியில் என் குடத்துக்கு இடம் விடுவதில்லை. எல்லோரும் பிடித்தபிறகு கடைசியாகப் பிடிக்கிறேன். போன வாரம் ராத்திரி என் ஓட்டின்மேல் கல் விழுந்தது. நான் உட்கார்ந்துகொண்டே விடிய வைத்தேன். எண்ணெய் தீர்ந்தால் கடைக்குப் போக யோசிக்கிறேன், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று காய்ச்சல் இல்லாதபோதே யோசிக்கிறேன். கோமளா என் வாசலைக் கடக்கும்போது காறித் துப்புகிறாள். அவள் கிணற்றுக்கும் கேஸ் வந்திருக்கிறது.

கோர்ட் ஆள் நின்று பார்க்க, பூபாலன் அனுப்பிய கொத்தனார் சுவரைக் கட்டினார். முதலாளி மண்ணில்தான் கட்டச் சொன்னார். நானும் அதைத்தான் கேட்டேன், இருந்தது மண் சுவர். கடைசி வரிசையை வைத்துவிட்டுக் கொத்தனார் கேட்டார், "கண்ணாடிச் சில்லு பதிக்கட்டுமாம்மா, யாரும் ஏறாம?"

"வேணாங்க. ஏறிப் பாக்கறவங்க பாக்கட்டும்" என்றேன்.

ஈரம் காய்ந்ததும் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு போனேன். மில்லின் மாடியிலிருந்து அவர்கள் பார்த்தார்கள். தெருவின் ஜன்னல்களிலிருந்து இவர்கள் பார்த்தார்கள். சுண்ணாம்பு புடவையெல்லாம் தெறித்தது. பயமாகத்தான் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. சுவரும் இருக்கிறது.